மயிலாடியின் வேதமாணிக்கம்: போதகர் இல்லாத சபையைக் காத்தவர்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் பக்கமோ நிலக்கோட்டை பக்கமோ போனால், சாலையை விட்டு விலகிய குடியிருப்புகளில் சின்னச் சின்ன தேவாலயங்களைப் பார்க்கலாம். ஓட்டுக் கூரை, ஒரு மணி, முன்னால் ஒரு வேப்பமரம். பல ஊர்களுக்கு ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தாலே அதிகம். மற்ற ஞாயிறுகளில் கோயிலைத் திறப்பதும் மணி அடிப்பதும் ஜெபம் நடத்துவதும் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான். நோயாளியைப் பார்க்கப் போவதும், சாவு விழுந்த வீட்டில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பதும் அவரே. சில சபைகளில் அவரை டீக்கன் என்பார்கள், சில சபைகளில் உபதேசியார், மூப்பர் என்பார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்பவர். கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்காது.

அப்படிப்பட்ட பெரியவர்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லத்தக்க ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்தார். ஊர் மயிலாடி. பெற்றோர் இட்ட பெயர் மகாராசன். வரலாற்றில் நின்ற பெயர் வேதமாணிக்கம். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபை தோன்றக் காரணமானவர் அவர். அந்த வரலாற்றை வெள்ளைக்கார மிஷனரியிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் மிஷனரி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மயிலாடியில் ஒரு சபை கூடிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டியவர் பறையர் குலத்தில், அந்தப் பகுதி வழக்கில் சொன்னால் சாம்பவர் குலத்தில், பிறந்த ஒரு சாதாரண மனிதர்.

மயிலாடி இன்று கல் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். மருத்துவாழ்மலை அருகில்தான் இருக்கிறது. சுசீந்திரம் கோயிலும் தொலைவில் இல்லை. அன்று இந்தப் பகுதி திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

அன்றைய திருவிதாங்கூர்

வேதமாணிக்கம் வாழ்ந்த காலத்தைப் புரிந்துகொள்ள அந்த நாட்டின் சட்டத்தையும் வழக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தீண்டினால் மட்டுமல்ல, அருகில் வந்தாலே தீட்டு என்று வைத்திருந்த நாடு அது. எந்தச் சாதி எந்தச் சாதியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. கோயிலைச் சுற்றிய வீதிகளிலும் பொதுச் சாலைகள் பலவற்றிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கும் மேலாடை போடக் கூடாது.

ஊழியம் என்றொரு கொடுமையும் இருந்தது. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் கூப்பிட்டபோதெல்லாம் போய்க் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு மேல் ஆள் தலைக்கு ஒரு வரி. வயலில் வேலை செய்த பறையர், புலையர் முதலியோரில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகள். அடிமை முறைக்கு அந்த நாட்டில் முழு முடிவு வந்தது 1855-ல்தான்.

சிதம்பரத்திலிருந்து திரும்பியவர்

மகாராசன் தம் மக்களிடையே மதிப்புள்ளவர், பக்தி மிகுந்தவர். சிதம்பரம் போய் நடராசரைத் தரிசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், நெருங்கிய உறவினர் ஒருவருடன் கால்நடையாகப் புறப்பட்டார். மயிலாடியிலிருந்து ஆரல்வாய்மொழி கணவாயைக் கடந்து, திருநெல்வேலிச் சீமையைத் தாண்டி, சோழ நாடு வரை நடப்பதென்றால் பல வாரப் பயணம்.

சிதம்பரம் என்றதும் நமக்கு நந்தனார் நினைவுக்கு வருவார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கி, கடைசியில் தில்லை எல்லைக்குப் போயும் உள்ளே நுழைய முடியாமல் நின்றவர். தீயில் இறங்கிய பிறகே அவருக்குச் சந்நிதி திறந்தது என்கிறது புராணம். அதே குலத்தில் பிறந்த மகாராசனும் அதே ஊரின் எல்லையில் போய் நின்றார். அங்கே கண்டவை அவர் மனத்துக்கு ஆறுதல் தரவில்லை. அன்றிரவு கனவில் ஒரு பெரியவர் தோன்றி, இந்த இடத்தை விட்டுப் போ என்று அவரை அனுப்பியதாக மயிலாடி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவர் திரும்பி நடந்தார் என்பது வரலாறு. நந்தன் தீக்குள் போனார். மகாராசன் தஞ்சாவூர்ச் சாலைக்குப் போனார்.

தஞ்சையில் அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். தஞ்சை மன்னர் குடும்பத்துக்கே நெருக்கமாக இருந்த சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல் காலமானார். அவர் பிள்ளைபோல் வளர்த்த கோலாஃப் ஐயர் அந்தச் சபையை நடத்தி வந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்ட மகாராசன் சில காலம் அங்கேயே தங்கி வேதம் கற்று ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

தஞ்சைச் சபையும் சாதி இல்லாத இடமாக இருக்கவில்லை. கோயிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டோர் ஒரு பக்கம் என்று பிரிந்து உட்காரும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. ஆனால் ஒரு வேறுபாடும் இருந்தது. சிதம்பரத்தில் அவருக்குக் கதவே இல்லை. தஞ்சையில் கதவு திறந்திருந்தது, உள்ளே மட்டும் ஒரு கோடு கிடந்தது. உள்ளே போய்விட்டால் கோட்டை அழிக்கலாம் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்தக் கோடு இன்னும் முழுதாக அழியவில்லை என்பது வேறு கதை. அதற்குப் பிறகு வருவோம்.

வீடே கோயில்

வேதமாணிக்கம் புத்தகங்களோடு ஊர் திரும்பினார். ஏறத்தாழ 1799-ஆம் ஆண்டு அது. அவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை. பதவியும் இல்லை, பட்டமும் இல்லை. தம் வீட்டிலிருந்தும் உறவினரிடமிருந்தும் தொடங்கினார். மாலையில் வேலை முடிந்து வந்தவர்களுக்கு வேதத்தைப் படித்துச் சொன்னார், ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்.

முதலில் கேலி வந்தது. குல தெய்வத்தை விட்டவன் வீட்டுக்குக் கேடு வரும் என்று சொந்தக்காரர்களே பயமுறுத்தினார்கள். பிறகு அவர்களில் பலர் அவரோடு சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் தொல்லையும் பெருகியது. ஒடுக்கப்பட்டோர் கூடி உட்கார்ந்து படிப்பதும், எங்கள் கடவுள் எங்களைச் சமமாகப் படைத்தார் என்று பேசுவதும் ஊரின் பெரிய கைகளுக்குப் பிடிக்கவில்லை. ஊழியத்துக்கும் வரிக்கும் நெருக்கடி அதிகமானது. ஊரையே விட்டுத் தஞ்சைப் பக்கம் குடிபெயரலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

குடிபெயர்வதற்குப் பதில் அவர் வேறொன்று செய்தார். மறுபடியும் தஞ்சைக்கு நடந்து, எங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். இந்தப் படியை நாம் கவனிக்க வேண்டும். மிஷனரி தேடி வந்து மயிலாடியைக் கண்டுபிடிக்கவில்லை. மயிலாடி போய்த்தான் மிஷனரியை அழைத்து வந்தது.

கோட்டில்லாத வெள்ளைக்காரர்

அப்படி வந்தவர் ரிங்கல்தௌபே ஐயர். ஜெர்மானியர், லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் படித்து, 1806 ஏப்ரல் 25 அன்று மயிலாடிக்கு வந்தார். விசித்திரமான மனிதர். தலையில் நாட்டுத் தொப்பி, எளிய உடை, எளிய சாப்பாடு. கைக்கு வந்த சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவார். கடைசியில் நாட்டை விட்டுப் போகும்போது உடம்பில் ஒழுங்கான கோட்டுகூட இல்லை என்று அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

திருவிதாங்கூரில் கோயில் கட்ட எளிதில் அனுமதி கிடைக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மெக்காலே தலையிட்ட பிறகே வழி பிறந்தது. இவர் நாம் பாடத்தில் படிக்கும் கல்வித் திட்ட மெக்காலே அல்லர், அவருடைய பெரியப்பா.

ரிங்கல்தௌபே வந்ததும் பலர் வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பலாம் என்ற எதிர்பார்ப்போடு சபையில் சேர முன்வந்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. வரியைக் கட்டத்தான் வேண்டும், விசுவாசத்துக்காக வருகிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று கண்டிப்பாக இருந்தார். ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன் நெடுநாள் சோதித்தார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு இன்றும் நம் தெருக்களில் விழுகிறது. கூலியில்லாமல் உழைப்பவன் கூலி கேட்பதும், அநியாய வரியிலிருந்து விடுதலை தேடுவதும் கேவலமா? மரியாதையைத் தேடிப் போவது ஆன்மிகம் ஆகாதா? தலைவரியும் ஊழியமும் இல்லாதவர்கள் பக்தியை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசலாம். முதுகில் சுமையோடு இருப்பவனுக்குச் சுமை இறங்குவதும் பக்தியும் ஒரே ஜெபம்தான். வேதமாணிக்கத்தையோ அந்த ஏச்சு தொடவே முடியாது. அவர் நம்பிக்கைக்கு வந்தபோது அவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் எதுவும் இல்லை. பாதுகாக்க வெள்ளைக்காரரும் இல்லை. பல ஆண்டுகள் அடி மட்டுமே கிடைத்தது.

1809

1808 இறுதியிலும் 1809 தொடக்கத்திலும் திருவிதாங்கூரில் பெரிய கலகம். தளவாய் வேலுத்தம்பி ஆங்கிலேயருக்கு எதிராகப் படை திரட்டினார். விடுதலை வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. ஆனால் மயிலாடியில் கூடிய ஏழைக் கிறிஸ்தவர்களை, வெள்ளைக்காரனின் ஆட்கள் என்றுதான் அந்தக் கலகத்தில் இறங்கியவர்கள் பார்த்தார்கள். ரிங்கல்தௌபே நாட்டில் இல்லாத நேரம் அது. வேதமாணிக்கமும் அவருடைய மக்களும் மலைப்பக்கமும் காட்டுப்பக்கமும் ஒளிந்து உயிர் தப்பினார்கள். பிப்ரவரியில் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி கோட்டையைப் பிடித்தது. மார்ச்சில் வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார்.

ஒரே நிகழ்ச்சி இரண்டு மக்களுக்கு இரண்டு பொருள் தரும். ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இதை மறக்கக் கூடாது. வேலுத்தம்பியின் வீரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே நாட்களில் காட்டுக்குள் குழந்தைகளோடு பதுங்கியிருந்தவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும்.

அதே 1809-ல், கலகம் அடங்கிய பிறகு, மயிலாடியில் கோயில் எழுந்தது. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்த சபைக் கோயில் அதுதான். அடுத்து பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி, புத்தளம் என்று மயிலாடியோடு சேர்த்து ஏழு சபைகள் உருவாயின. பிள்ளைகள் படிக்கப் பள்ளிகளும் வந்தன. மிஷனரி ஊர் ஊராகச் சுற்றினார். அந்தச் சபைகளின் அன்றாடக் கவலையெல்லாம் வேதமாணிக்கத்தின் தோளில்தான். உபதேசியாராகப் போதித்தார், சண்டைகளைத் தீர்த்தார், வழக்குகளுக்கு அலைந்தார்.

இரண்டு ஆண்டுகள்

1816 தொடக்கத்தில் ரிங்கல்தௌபேயின் உடல்நிலை கெட்டது. அவர் நாட்டை விட்டுப் புறப்பட்டார். கிழக்கே போகும் கப்பலில் ஏறியவர் என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. பதிலுக்கு வேறு மிஷனரி யாரும் வந்து சேரவில்லை.

புறப்படும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். சபையார் முன்னிலையில் வேதமாணிக்கத்தின் தலையில் கை வைத்து ஜெபித்து, தம் அங்கியை அவருக்கு அணிவித்து, சபையை அவர் கையில் ஒப்படைத்தார். சாலையில் நடக்க உரிமை இல்லாத ஒருவரின் தோளில், ஏழு சபைகளுக்கும் தலைவர் என்று அங்கி விழுந்தது. எழுநூறு பேர் அளவுக்கான சபை மக்கள் அது. பெரிய சபை இன்றைய கணக்கில் அல்ல. ஆனால் அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஒரு பறையர் தலைமையின் கீழ் அத்தனை பேர் கூடியது சிறிய செய்தி அல்ல.

இரண்டு ஆண்டுகள் வெள்ளைக்காரர் எவரும் அங்கே இல்லை. சபை சிதறியிருக்கலாம். பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கலாம். மிரட்டியவர்களுக்குப் பயந்து கோயிலைப் பூட்டியிருக்கலாம். எதுவும் நடக்கவில்லை. ஞாயிறுதோறும் ஜெபம் நடந்தது. 1818-ல் மீட் ஐயர் மயிலாடிக்கு வந்தபோது, உயிரோடு இருந்த ஒரு சபையைத்தான் கண்டார். அந்த இரண்டு ஆண்டுகளே வேதமாணிக்கத்தின் வாழ்க்கைக்குச் சிகரம் என்று நான் எண்ணுகிறேன். கோயில் கட்டுவது ஒரு வேலை. கட்டிய கோயிலை வாரம் தவறாமல் திறந்து வைப்பது வேறு வேலை. அதற்குப் புகழ் இல்லை, பொறுமை மட்டும் வேண்டும்.

நாகர்கோவிலுக்குப் போன மையம்

மீட் வந்த பிறகு ராணி கௌரி பார்வதி பாயின் ஆதரவு கிடைத்தது. மிஷனின் மையம் நாகர்கோவிலுக்கு மாறியது. நாடார் மக்கள் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள். தோள்சீலைப் போராட்டம் அவர்களிடையேதான் மூண்டது. பெண்கள் மேலாடை உரிமைக்கான அந்த நெடும் போராட்டம் 1859-ல்தான் அரச ஆணையோடு ஒரு கட்டத்துக்கு வந்தது. பள்ளிகள், செமினரி, அச்சகம் என்று எல்லாம் வளர்ந்தன. மயிலாடி மெல்ல ஓரமானது. வேதமாணிக்கம் முதுமையடைந்தார். 1827-ல் மயிலாடியிலேயே காலமானார்.

அதன் பின் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதிய வயதில் மீட் ஐயர் சாம்பவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளாலேயே அதைத் தாங்க முடியவில்லை. அவர் மிஷனை விட்டு விலக நேர்ந்தது. எந்த மக்களால் அந்த மிஷன் தொடங்கியதோ அந்த மக்களிடம் பெண் எடுப்பது இழுக்காகத் தெரிந்தது. தஞ்சையில் கிடந்த கோடு மயிலாடி வரை தொடர்ந்து வந்திருந்தது.

நமக்கு என்ன

திண்டுக்கல்லுக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அமெரிக்கன் மதுரை மிஷன் 1835-லேயே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. 1840-களில், சாதியை விட முடியாதவர்கள் உபதேசியாராக இருக்க முடியாது என்று அந்த மிஷன் நிபந்தனை வைத்தது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சோதனை. வேலையே போனாலும் பரவாயில்லை, சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்று விலகியவர்கள் அன்று பலர். நம் மண்ணிலும் அந்தக் கோடு இருந்தது. தனிக் கல்லறை, தனிச் சப்பரப் பாதை, தனி வரிசை என்று அதன் மிச்சங்களை இன்றும் தமிழ்நாட்டில் பார்க்கிறோம்.

அரசாங்கமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நினைக்கிறது. போகவில்லை என்பதற்கு வேதமாணிக்கத்தின் காலம் முதல் நம் காலம் வரை சாட்சி இருக்கிறது.

மயிலாடியில் ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே கோயிலுக்கு வைத்திருக்கிறார்கள். மிஷனரியின் பெயருக்குப் பக்கத்தில் சேரியில் பிறந்தவரின் பெயரும் நிற்கிறது. கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் கடலையும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அங்கே பத்து நிமிடம் இறங்கலாம்.

திரும்பி வந்து இன்னொன்றும் செய்யலாம். உங்கள் ஊர்க் கோயிலை முதலில் கூட்டிப் பெருக்கியவர் யார், போதகர் வராத நாட்களில் ஜெபம் நடத்தியவர் யார், கோயிலுக்காக ஊரோடு வழக்காடியவர் யார் என்று உங்கள் பாட்டிமார்களைக் கேளுங்கள். தாத்தா பெயர், அப்பா பெயர், ஆண்டு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேதமாணிக்கத்தை யாரோ எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அவரைப் பற்றிப் பேச முடிகிறது. எழுதாமல் விட்ட ஊர்களில் அவரைப் போன்ற எத்தனையோ பேர் பெயரில்லாமல் புதைந்து கிடக்கிறார்கள்.